இல்லக் கணக்கு: துண்டுக் கல்லும் முழுக் கல்லும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. வீடு கட்டும் குடும்பத்தார் சிமிட்டியையும் கம்பியையும் மணலையும் அளந்தே வாங்குகின்றனர். ஆயினும் அடுக்களை மேடைக்குக் கல் வாங்கும் வேளை வந்ததும், அளவுகோல் பையினுள் போய்விடுகிறது. கண்ணும் ஆசையும் முன்னே வந்துவிடுகின்றன. சிலர் பளபளப்பில் மயங்கித் தேவைக்கு இருமடங்கு கல்லை வாங்கிவிடுகின்றனர். சிலர் மலிவில் மயங்கி, ஒன்றோடொன்று பொருந்தாத துண்டுகளை ஏற்றிக்கொண்டு வந்துவிடுகின்றனர்.

"முழு ஸ்லாபாக வாங்குவதா? கடையில் மிஞ்சிக் கிடக்கும் கட் பீஸ்களை வாங்கி ஒட்டிக்கொள்வதா?" என்னும் வினா நம் சங்கத்து அன்பர்களிடையே அடிக்கடி எழுகின்றது. சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் இருப்பவர்களும் கேட்கின்றனர். தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் இருப்பவர்களும் கேட்கின்றனர். ஆதலின் இத்திங்கள் இதனையே நம் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம்.

இது சிறு விஷயம் என்று எவரும் எண்ண வேண்டா. நம் மலைநாட்டுக் குடும்பங்களின் நிலை நாம் அறியாததன்று. முப்பது நாற்பது ஆண்டுகள் தேயிலைக் காட்டிலும் ஏலக்காட்டிலும் உழைத்தவர், ஓய்வு பெற்றதும் லயத்தை ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டியவர். கையில் இருப்பது பணிக்கொடையும் சேமநிதியும். சிலருக்குக் கேரள அரசின் லைஃப் மிஷன் திட்டத்தில் கிடைக்கும் 4 லட்சம் ரூபாய் உதவி. அத்தொகையில் எழும்புவது 400 சதுர அடியை ஒட்டிய சிறு வீடு. அங்கே கல்லுக்குச் செல்லும் ஒவ்வோர் ஆயிரமும் கழிவறைக் கதவிலிருந்தோ, கூரைப் பூச்சிலிருந்தோ எடுக்கப்படும் ஆயிரமே.

மற்றொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். லயத்து ஒற்றையறையின் மூலையில், புகைக்கு நடுவே, குனிந்தும் குந்தியும் சமைத்தே காலம் கழித்த தாய்மார் நம்மிடையே எத்தனையோ பேர். நிமிர்ந்து நின்று சமைக்க ஒரு மேடை வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் ஆசை. அந்த மேடையின் முன் அவர்கள் இன்னும் இருபது ஆண்டு நிற்கப் போகின்றனர். ஆகவே இங்கே சிக்கனமும் வேண்டும். அச்சிக்கனம் அவர்கள் கைக்குத் தொல்லையாகவும் கூடாது.

நிற்க. முதலில் துண்டுக் கல் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொள்வோம். அதனை அறிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பெரிய பாறைக்கட்டிகளைப் பல வாள்கள் பூட்டிய பெரிய இயந்திரத்தில் அறுத்து எடுப்பவை கேங்சா ஸ்லாப்கள். ஒன்பது அடி நீளமும் ஐந்தரை அடி அகலமும் உள்ள ஒரு ஸ்லாபை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சமையல் மேடையின் அகலம் பெரும்பாலும் இரண்டு அடி. அந்த ஸ்லாபிலிருந்து இரண்டடி அகலப் பட்டைகள் இரண்டு கிடைக்கும். மிஞ்சுவது ஒன்றரை அடி அகலப் பட்டை. பிறகு சிங்க் தொட்டிக்காகவும் அடுப்புக்காகவும் வெட்டி எடுக்கும் சதுரங்கள். ஓரங்களில் ஒரு முழம், இரண்டு முழம் துணுக்குகள். கடையின் பின்புறத்தில் சாய்த்து வைத்திருக்கும் கட் பீஸ்களின் கூட்டம் இதுதான். இரண்டடி அகலமும் ஏழடி நீளமும் உள்ள துண்டு அக்கூட்டத்தில் கிடைப்பது அரிது. அப்படி ஒன்று கிடைக்குமாயின் கடைக்காரர் அதனைத் துண்டு விலைக்குக் கொடுக்கவும் மாட்டார்.

ஆகவே துண்டுக்கல் மட்டமான கல் என்று கருதுவது தவறு. கல் அதே கல்தான், அளவுதான் வேறு. அதற்குரிய அளவுள்ள இடத்தில் வைத்தால் அதைவிட நல்ல பேரம் இல்லை. சன்னல் விளிம்பு, நிலைப்படியின் கீழ்க்கல், அலமாரித் தட்டு, குளியலறை மாடம், தண்ணீர்க் குடம் வைக்கும் திட்டு, பூசை மாடத்து அடித்தளம் ஆகியவற்றுக்கெல்லாம் முழு ஸ்லாப் வாங்குவது வீண் செலவு. இவற்றுக்குத் துண்டே போதும் என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை.

சமையல் மேடைக்கு வரும்போதுதான் வினா எழுகின்றது. அங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி, கல் சதுர அடி என்ன விலை என்பதன்று. இணைப்பு எந்த இடத்தில் விழுகின்றது என்பதே கேள்வி. துண்டுகளைச் சேர்க்கும்போது கல் உடைவதில்லை. இணைப்புதான் முதலில் கெடுகின்றது. அதன் வழியே நீர் இறங்கும்; மாவும் எண்ணெயும் புகும்; எறும்பும் கரப்பானும் குடியேறும். ஆண்டில் பாதி நாள் மழையும் ஓதமும் உள்ள மலையூர்களில் அவ்விடம் உலர்வதே இல்லை.

இதற்குச் சில விதிகள் உண்டு. அனுபவமுள்ள கொத்தனார் எவரும் இவற்றை ஒப்புக்கொள்வர்.

முதலாவது, சிங்க் தொட்டிக்காக வெட்டிய திறப்பின் மீது இணைப்பு வரக்கூடாது. திறப்பின் விளிம்பிலிருந்து அரையடியாவது தள்ளியிருக்க வேண்டும். தண்ணீர் எப்போதும் நிற்கும் இடமும், கல் மிகவும் மெலிந்து நிற்கும் இடமும் அதுவே.

இரண்டாவது, மேடையின் அடியில் என்ன இருக்கின்றது என்று பார்க்க வேண்டும். கான்கிரீட் தட்டு வார்த்து அதன்மேல் சாந்தில் கல்லைப் பதிப்பதாயின், பாரத்தைச் சுமப்பது கான்கிரீட்டே; துண்டுக் கல்லை அங்கே துணிந்து வைக்கலாம். கான்கிரீட் இன்றி, இரு பக்கமும் தாங்கு கல் நிறுத்தி மேலே கிரானைட்டை மட்டும் கிடத்துவதாயின், பாரத்தைச் சுமப்பது அக்கல்லே. அங்கே ஒரு தாங்கலிலிருந்து மறு தாங்கல் வரை ஒரே கல்லாக இருக்க வேண்டும். இணைப்பு வரவேண்டுமானால் தாங்கலின் நேர் மேலே வரட்டும். நடுவில் தொங்கலாக வந்தால், பண்டிகை நாளில் பெரிய அண்டாவை இறக்கி வைக்கும்போது அது தன் குணத்தைக் காட்டிவிடும்.

மூன்றாவது, இணைப்பை வெள்ளைச் சிமிட்டியால் பூசி முடிக்க விடாதீர்கள். கல்லின் நிறத்துக்கேற்ற எபாக்சிப் பசை கொண்டு நிரப்பச் சொல்லுங்கள். செலவு சிறிது கூடும். பிறகு மஞ்சள்கறை ஏறிய கோட்டைப் பார்த்து நாள்தோறும் வருந்த வேண்டியதில்லை.

நான்காவது, சேரும் துண்டுகள் ஒரே கனம் உள்ளவையா என்று அளந்து பாருங்கள். ஒன்று 16 மில்லிமீட்டரும் மற்றொன்று 20 மில்லிமீட்டருமாக இருந்தால், சாந்தைக் கூட்டிக் குறைத்துச் சமப்படுத்தத் தேர்ந்த கை வேண்டும். முன்விளிம்பில் அவ்வேறுபாடு எப்படியும் தெரியும்.

இனிக் கணக்குக்கு வருவோம். விலை ஊருக்கு ஊர் மாறும். கல்லுக்குக் கல் மாறும். ஆகவே கீழே வரும் விலைகளை எடுத்துக்காட்டாக மட்டும் கொள்ளுங்கள். உங்கள் கடை விலையை அதே இடத்தில் போட்டுக் கணக்கிடுங்கள்.

மேடை ஒரு மூலையில் திரும்புகின்றது. ஒரு கை ஏழடி, திரும்பிய கை நான்கடி, அகலம் இரண்டடி. ஆகத் தேவை 22 சதுர அடி. முழு கேங்சா ஸ்லாப் 49½ சதுர அடி; சதுர அடி 150 ரூபாய் என்றால் 7,425 ரூபாய். அதில் 27½ சதுர அடி மிஞ்சும். அம்மிச்சம் சன்னலுக்கும் தட்டுக்கும் பயன்படுமாயின் நன்று. அன்றேல் மூன்றாவது வீட்டுக்காரருக்குத் துண்டுக்கல் சேர்த்துக் கொடுத்தவர் ஆவோம்.

கட் பீஸ் சதுர அடி 80 ரூபாய் என்று கொள்வோம். துண்டுகளை நேர்படுத்தி வெட்டும்போது ஐந்தில் ஒரு பங்காவது கழியும்; ஆகவே 27 சதுர அடி வாங்க வேண்டும். விலை 2,160 ரூபாய். மூலை இணைப்பு எப்படியும் உண்டு. அதற்கு மேல் மூன்று இணைப்புகள் வரும் என்றும், இணைப்பு ஒன்றுக்குப் பசையும் கூலியுமாக 200 ரூபாய் என்றும் வைத்தால், மொத்தம் 2,760 ரூபாய்.

முழுக் கல்லுக்கும் துண்டுக் கல்லுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று உண்டு. பலர் அதனைக் கேட்பதே இல்லை. சிறு பாறைக்கட்டிகளை வட்டவாளில் அறுத்தெடுக்கும் கட்டர் ஸ்லாப் என்பது அது. அகலம் இரண்டு முதல் மூன்றடிக்குள் இருக்கும். நீளம் ஏழெட்டு அடி வரை வரும். மேடை அகலத்துக்கே பிறந்தது போன்ற அளவு. பெரிய கட்டியிலிருந்து வராமையால் விலை குறைவு. மெருகும் கனமும் கேங்சா ஸ்லாப் அளவுக்கு ஒரே சீராக இராது; ஆகவே பார்த்து எடுக்க வேண்டும். எட்டடி நீளமும் இரண்டேகால் அடி அகலமும் உள்ள கட்டர் ஸ்லாப் இரண்டு வாங்கினால் 36 சதுர அடி. சதுர அடி 100 ரூபாய் வீதம் 3,600 ரூபாய். ஏழடிக் கை ஒரே கல். நான்கடிக் கை ஒரே கல். இணைப்பு மூலையில் ஒன்று மட்டும். மேலும் நான்கடி நீளத்துக்கு ஒரு நல்ல கல் மிஞ்சும். அது குடத்திட்டு ஆகிவிடும்.

துண்டுக்கும் கட்டர் ஸ்லாபுக்கும் வேறுபாடு 840 ரூபாய். மேடை இருபது ஆண்டு நிற்கும் என்றால் ஆண்டுக்கு 42 ரூபாய். மூன்று இணைப்புகளைத் துடைத்துத் துடைத்துக் காக்கும் வேலையிலிருந்து இல்லத்தரசிக்கு விடுதலை அளிக்க இது பெருந்தொகை அன்று. அந்த 840 ரூபாயும் இல்லாத வீடும் உண்டு என்பதை நாம் அறிவோம். அவ்வீட்டார் வெட்கப்பட வேண்டியதில்லை. கான்கிரீட் தட்டின் மேல், சிங்க் தொட்டியை விட்டு விலக்கி இணைப்பு அமைத்துத் துண்டுக்கல்லையே பதிக்கட்டும். மேடை நன்றாகவே நிற்கும்.

எக்கல் ஆயினும் வாங்குமுன் சோதித்தல் நன்று. வணிகர் கிரானைட் என்று அழைப்பவை எல்லாம் நிலநூலார் கிரானைட் என்று சொல்பவை அல்ல. கன்னங்கரிய கல் பெரும்பாலும் டோலரைட் என்னும் வேறு வகை. அதனால் குறையொன்றும் இல்லை. ஆனால் சாம்பல் நிறக் கல்லுக்குக் கருஞ்சாயம் ஏற்றி விற்பதும் உண்டு. நகச்சாயம் நீக்கும் அசிட்டோனில் வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள்; துணி கறுத்தால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள்.

துண்டுக் கல்லில் விரிசல் ஒளிந்திருக்கும். தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டுச் சிறிது நேரம் காத்திருங்கள். கல் உலர்ந்த பின்னும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அதுவே விரிசல். விரலால் தட்டினால் நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். விரிசல் கல் மந்தமாக ஒலிக்கும். கல்லின் முதுகில் வலை ஒட்டியிருந்தால், அது வலுவுக்கு ஒட்டியது என்று பொருள். சிங்க் திறப்பு வெட்டுமிடத்துக்கு அதனைத் தவிர்ப்பது நலம்.

வெளிர்நிறக் கல்லில் ஒரு சொட்டு நீர் வைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். அவ்விடம் கறுத்தால் கல் உறிஞ்சுகின்றது. மஞ்சளும் எண்ணெயும் நாளை அப்படியே உறிஞ்சப்படும். அத்தகைய கல்லுக்குக் காப்புப் பூச்சு வேண்டும். கடப்பைக் கல் மலிவு என்று சிலர் மேடைக்கும் கேட்கின்றனர். ஆந்திரத்துக் கடப்பை மாவட்டத்திலிருந்து வரும் அது சுண்ணாம்புக்கல் வகை. எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் பட்டால் மெருகு போய்விடும். தாங்கு கல்லுக்கும் அலமாரித் தட்டுக்கும் அதுவே மிகப் பொருத்தம். புளியும் மோரும் புழங்கும் மேடைக்கு அது ஆகாது.

நிற்க. நம் பகுதியார்க்கென்று தனியே சொல்ல வேண்டியது ஏற்றுக்கூலி. 20 மில்லிமீட்டர் கனமுள்ள கிரானைட் சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ எடை. முழு ஸ்லாப் ஒன்று 250 கிலோ அளவில் நிற்கும். பாலக்காட்டுப் பக்கத்தார்க்குக் கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு வழியே சமவெளிச் சாலை, அவ்வளவு துன்பமில்லை. இடுக்கியார் நிலை வேறு. கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏற வேண்டும். அல்லது போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு ஏற வேண்டும். ஒரு காலத்தில் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே சிறு ரயில் ஓடியது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கோட்டக்குடிக்குச் சரக்கு இறங்கிப் போடிக்குச் சென்றது. 1924ஆம் ஆண்டு வெள்ளம் அந்த இருப்புப்பாதையை அழித்தது, மீண்டும் அமைக்கப்படவில்லை. அன்று முதல் மூணாற்று மலைக்குக் கல்லும் இரும்பும் சாலை வழியேதான்.

சரக்குச் சீட்டு எழுதிப் பழகிய கையாதலால் இதனை அழுத்திச் சொல்கிறோம். கல்லைப் படுக்க வைத்து ஏற்ற விடாதீர்கள். செங்குத்தாகச் சாய்த்து, இடையே மரச்சட்டமும் சாக்கும் கொடுத்துக் கயிற்றால் இறுக்கி ஏற்ற வேண்டும். படுத்த கல் பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது நடுவில் முறியும். அடுத்தடுத்து வீடு கட்டும் இரண்டு மூன்று குடும்பத்தார் ஒரே நாளில் ஒரே வண்டியில் கொணர்ந்தால், மலையேற்றக் கூலி மூன்றில் ஒன்றாகும். கல் விலையில் பேரம் பேசி மிச்சப்படுத்துவதைக் காட்டிலும் இது பெரிது. மெருகிட்ட கிரானைட் ஸ்லாபுக்குச் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு உண்டு. சொன்ன விலையில் வரி அடங்கியதா என்று முதலிலேயே கேளுங்கள். மாநில எல்லை கடக்கும் சரக்கு ஆகையால் ரசீது கையில் இருக்கட்டும். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் வேண்டும்.

இறுதியாக ஒன்று. இது நம் பணத்தைப் பற்றியதன்று. கல் வெட்ட வருபவரின் உயிரைப் பற்றியது. துண்டுகளை வீட்டிலேயே பொருத்தும்போது கைவாளால் உலர வெட்டுவது வழக்கமாகிவிட்டது. அப்போது எழும் வெண்புழுதியில் சிலிக்கா இருக்கின்றது. அது மூச்சில் சென்று நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்னும் நோய். வந்தபின் அதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. கிரானைட்டில் சிலிக்கா பொதுவாகக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். இப்போது நகரங்களில் பெருமையாகப் பேசப்படும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளில் அது 90 விழுக்காட்டையும் தாண்டுவது உண்டு. அவற்றை வெட்டிய இளந்தொழிலாளர் பலர் நோயுற்றதைக் கண்டு ஆஸ்திரேலிய நாடு 2024 சூலை 1 முதல் அப்பலகைகளைத் தடை செய்துவிட்டது. கல்லுடைக்கும் தொழிலாளர் மிகுந்த ராஜஸ்தான் மாநிலம், இந்நோய்க்கென்றே 2019இல் ஒரு கொள்கையை வகுத்தது.

நாம் செய்யக்கூடியது எளிது. மேடையைச் சரியாக அளந்து, காகிதத்தில் படம் வரைந்து, சிங்க் திறப்பு உட்பட எல்லா வெட்டையும் கடைப் பட்டறையிலேயே தண்ணீர் பாய்ச்சி வெட்டி வாங்குங்கள். வீட்டில் சிறு திருத்தம் தேவைப்பட்டால், வெட்டுமிடத்தில் ஒருவர் நீர் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும். மின்வாள் நீரில் நனையும்போது மின்தாக்கு நேராதபடி, கசிவு கண்டதும் மின்சாரத்தை நிறுத்தும் கருவி உள்ள இணைப்பிலிருந்தே மின்சாரம் எடுக்கச் சொல்லுங்கள். குழந்தைகளை அகற்றிவிடுங்கள். நம் வீட்டுக்கு உழைக்க வருபவரும் நம்மைப் போல் பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவரே. துண்டுகள் மிகுந்தால் வெட்டுகளும் மிகும். வெட்டுகள் மிகுந்தால் புழுதியும் மிகும். இணைப்பைக் குறைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைக்குப் புறப்படுமுன் இல்லத்தரசியை அழைத்து, மேடை அமையும் இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். முழங்கை மடிப்பிலிருந்து நான்கு அங்குலம் கீழே மேடையின் மட்டத்தைக் குறியுங்கள். அடுப்பு எங்கே, சிங்க் எங்கே, மாவு பிசைவது எங்கே என்று அவர்களே சொல்லட்டும். கல்லின் நிறத்தை ஆடவர் தேர்ந்தெடுத்தாலும் தேர்ந்தெடுக்கட்டும்; இணைப்பு விழும் இடத்தை மட்டும் அவர்களைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

அடுத்த திங்கள், மலைப்பகுதி வீடுகளின் சுவரில் ஓதம் ஏறாமல் காக்கும் வழிகளைக் கணக்கிடுவோம். புது வீடு புகும் அன்பர் அனைவர்க்கும் நம் வாழ்த்துகள்.